மடியில் வந்த சொறி

மருமகன், இப்படி வந்து இரு. உடப்புக் கரைவலை பற்றி நீ பேப்பருக்கு எழுதின கட்டுரையை வாசித்தேன். நாலு பக்கம். முதல் பக்கம் முடியும்வரை வலையும் வரவில்லை, மீனும் வரவில்லை. ‘இன்றைய காலகட்டத்தில்’ மட்டும் மூன்று தரம் வந்து போனது.

‘கடலானது அமைதியான நிலையில் காணப்பட்டது.’ சோளகக் காற்று ஓய்ந்தால் கடல் அடங்கும். அதற்கு ஏனடா இவ்வளவு நீட்டு? பிறகு ‘வலை இழுக்கும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது’ என்று வேறு. அறுபது வருசமாக நான் வலை இழுக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! நடவடிக்கை மேற்கொண்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. கூலியைக் கூட்டிக் கேட்டிருக்கலாம்.

வலையின் மடி கரையேறினதும் என்ன செய்வோம்? சாதாழையை உதறி, சொறி என்கிற இழுதுமீனைக் காலால் ஒதுக்கிவிட்டு மீனைக் கூடையில் அள்ளுவோம். நீயோ மடியை அப்படியே சந்தைக்குத் தூக்கிப் போகிறாய், நல்ல பாரம் என்று. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ சொறி. குறிப்பிடத் தகாததை நீ ஏன் எழுதப்போகிறாய்? ‘என்றால் மிகையாகாது’ அதைவிடப் பெரிய சொறி. மிகையாகச் சொல்லிவிட்டவன்தான் அப்படிச் சத்தியம் பண்ணுவான்.

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணி வைத்தார். மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் மூன்றும் உன் முதல் பக்கத்திலேயே தேறிவிட்டன. மிச்ச ஏழையும் தேட எனக்குக் கண் போதாது.

அதற்காகக் கத்தியைக் கண்டபடி வீசாதே. வலை இழுக்கப் பாடுகிற அம்பாப் பாட்டைப் போட்ட இடத்தில் ‘ஏலேலோ’வை வெட்டியிருக்கிறாய், பொருளில்லாத சொல்லாம். பொருளில்லைதான். ஆனால் அந்த ‘லோ’வில்தான் கயிற்றில் நிற்கிற அத்தனை பேரின் குதிகாலும் ஒன்றாக மணலில் பதியும், கயிறு ஒரு முழம் கரைக்கு வரும். அதை எடுத்துவிட்டுப் பாடிப் பார், ஆளுக்கொரு நேரம் இழுப்பான். கட்டுரை முழுக்கத் தேடி, கயிறு இழுக்கிற ஒரே சொல்லை வெட்டியிருக்கிறாய், கெட்டிக்காரன்!

அவசரப்படாதே. புத்தளத்து உப்பளத்தில் பார்த்திருப்பாய். ஒரு லீற்றர் கடல் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய 35 கிராம்தான். தண்ணீரை வெயில் குடித்து உப்பு விளையும்வரை ஒருவரும் அள்ளப் போவதில்லை. நீயும் எழுதினதை ஒரு கிழமை பெட்டிக்குள் போடு. பிறகு எடுத்து, ஒவ்வொரு சொல்லாக விரலால் மூடிக்கொண்டு உரக்க வாசி. வசனம் நொண்டாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

தலைப்பிலிருந்தே தொடங்கு. ‘உடப்புக் கரைவலை: ஒரு கண்ணோட்டம்’. கண்ணை மூடிக்கொண்டு எழுதியவனுக்கு என்ன கண்ணோட்டம்?

மாமி கூப்பிடுகிறாள், கேட்டதா? ‘சோறு ஆறுது.’ நீ என்றால் ‘சோறானது ஆறும் நிலையில் காணப்படுகின்றது என்பது குறிப்பிடத்தக்கது’ என்று எழுதி முடிப்பாய். அதற்குள் பூனை சாப்பிட்டிருக்கும். எழும்பு.