ரசம் விழுந்த பாயசம்

"ராத்திரி முழுக்க ஓடிச்சு, ஒண்ணும் ஆகல" என்கிற வாக்கியத்தைத் தமிழிலிருந்து ஒரு வருஷத்துக்காவது தள்ளி வைக்க வேண்டும். ப்ராசஸரை ஓவர்க்ளாக் செய்தவர் யாரானாலும் இதைத்தான் சொல்கிறார். இந்த வாரமும் காதில் விழுந்தது. சந்தேகப்பட்டால் ப்ரைம்95 என்ற சோதனை நிரலின் முடிவைப் படமெடுத்து மூக்குக்கு நேரே நீட்டுகிறார்கள். நாம் எல்லோரும் செய்கிற வேலைதான். பயாஸில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு, காசு கொடுக்காத மெகாஹெர்ட்ஸை அடித்துக்கொண்டு வந்த பூரிப்பில் திரிவோம். இதில் நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. வோல்டேஜ் ஏற்றுவதன் ஆபத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன்; அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், ஒன்றும் ஆகாதது யாருக்கு என்று தெரிய வேண்டும். ப்ராசஸருக்கு ஆகவில்லை, சரி. பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருக்கும் சவுண்ட் கார்டை யார் விசாரித்தார்கள்?

1998-இல் வந்த செலரான் 300ஏ இந்த வியாதியை வீட்டுக்கு வீடு பரப்பியது. பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு ஏற்றினால், பெருக்கெண் 4.5 என்பதால், 300 சில்லு 450-இல் ஓடும். ஒரேயடியாகப் பாதி ஏற்றியும் எத்தனையோ வீடுகளில் எதுவும் கெடவில்லையே என்று இன்றும் சாட்சி சொல்கிறார்கள். சாட்சி உண்மைதான், எதிர்க்கட்சிக்குச் சாதகமான சாட்சி. பிசிஐ கார்டுகளுக்குப் போகும் கடிகாரம் பஸ் வேகத்தை வகுத்துத்தான் கிடைத்தது. 66-ஐ இரண்டால் வகுத்தால் 33. 100-ஐ மூன்றால் வகுத்தாலும் 33. கார்டுக்கு ஊரில் நடந்ததே தெரியாது. "எனக்கு அவ்வளவு பேராசை இல்லை" என்று 83-இல் நிறுத்திய அடக்கமானவர்தான் மாட்டிக்கொண்டார். அந்த வேகத்தில் பல போர்டுகள் இரண்டாலேயே வகுத்தன. கார்டுகள் 41-க்கு மேல் ஓடின. ஹார்ட் டிஸ்க்கை ஆளும் ஐடிஇ கன்ட்ரோலரும் அதே பிசிஐயில்தான் உட்கார்ந்திருந்தது. பாதி ஏற்றியவன் பிழைத்தான், கால் பங்கு ஏற்றியவன் ஃபைலைத் தொலைத்தான்.

கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி கை தட்டுகிறார். இரண்டு தட்டுக்கு ஒரு இலை நகர வேண்டும் என்பது பரிமாறுகிறவர்களுக்குச் சட்டம். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்த, மேஸ்திரி வேகமாகத் தட்டுகிறார். சட்டத்தையும் மூன்று தட்டுக்கு ஒரு இலை என்று மாற்றியிருந்தால் ரசவாளிக்காரருக்குக் கவலையில்லை. மாற்றவில்லை. சாம்பார்க்காரர் இளவட்டம், ஓடிவிடுவார். அப்பளக்காரர் வீசிவிட்டுப் போவார். ரசவாளிக்காரருக்கு முழங்கால் வலி. குனிந்து கரண்டியைச் சாய்க்கும்போது சோற்றுக்குழி தாண்டி, பாயசம் இருக்கிற இடம் வந்துவிடுகிறது. ஊற்றிவிடுகிறார். யாரும் கூச்சல் போடுவதில்லை. சாப்பிடுகிறவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்த வீட்டுப் பாயசமே இப்படித்தான் போலிருக்கிறது" என்று இலையை மடக்கிவிடுகிறார். மேஸ்திரியைக் கேட்டால் பந்தி அமோகம் என்பார். அவர் எண்ணியது தட்டலை. மோர்க்காரர் கதை இன்னும் பரிதாபம், அவரை விட்டுவிடுவோம். டிஸ்க்கில் நடப்பதும் இதுதான். கம்ப்யூட்டர் நின்றுபோனால் பரவாயில்லை, தெரிந்துவிடும். நிற்காமல், பத்திரத்தில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, "சேமித்தாகிவிட்டது" என்று சொல்வதை என்ன செய்வது? ப்ரைம்95 விடிய விடியக் கணக்குப் போட்டு வாட்டுவது ப்ராசஸரையும் மெமரியையும். ரசவாளி பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது பெருக்கெண்ணை மட்டும் ஏற்றலாமே என்பார்கள். ஏற்றலாம், கே எழுத்து போட்ட சில்லுக்குக் கூடுதலாகக் காசு கொடுத்தால். அப்படிச் செய்தால் கார்டுகள் தப்பும், ஒப்புக்கொள்கிறேன். கொடுக்க மனமில்லாதவர்தானே அடிப்படைக் கடிகாரத்தில் கை வைக்கிறார்? 2011-இன் சாண்டி பிரிட்ஜ் சில்லுகளில் கார்டுகளின் பிசிஐ எக்ஸ்பிரஸ், டிஸ்க்கின் சாட்டா எல்லாமே ஒரே 100 மெகாஹெர்ட்ஸில் கட்டுண்டு கிடந்தன. நாலைந்து சதவீதம் தாண்டினாலே தள்ளாட்டம். அந்த நாலு சதவீதத்துக்காக ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் கொடுத்தவர்கள் உண்டு. தயாரிப்பாளர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து விற்கிறார், மிச்சம் நமக்குச் சேர வேண்டியது என்பது அடுத்த வாதம். மிச்சம் இருக்கலாம். அது ப்ராசஸரில் இருக்கிற மிச்சம். நெட்வொர்க் கார்டு செய்தவர் அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. அதே 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அனுப்பிய விவரங்களை அலசினார்கள். ஓவர்க்ளாக் செய்தவை அதிகம் விழுந்தன. வேகம் குறைத்து ஓடியவை குறைவாக விழுந்தன. அதே நிறுவனத்தின் ரேமண்ட் சென் 2005-இல் எழுதியது இன்னும் அழகு. கிராஷ் ரிப்போர்ட் ஒன்றில் தப்பு செய்ததாக மாட்டியிருந்த கட்டளை, ரெஜிஸ்டரைப் பூஜ்ஜியமாக்குவது. மெமரியைத் தொட வேண்டாம், டிஸ்க்கைத் தேட வேண்டாம், கையில் இருப்பதைக் கீழே போட்டால் போதும். அதைச் செய்யமுடியாமல் ஒரு கம்ப்யூட்டர் விழுந்திருக்கிறது. அதற்கும் முந்தின ராத்திரி ஒண்ணும் ஆகியிருக்காது.

வோல்டேஜைப் பற்றி எழுத இடமில்லை. பந்தி தின்றுவிட்டது.