எடைக்குப் போகாத ஜக்

வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி 1958-இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். நான் நடத்தும் வடிவமைப்பு வகுப்பில், அவர்கள் லோட்டாவை, அதாவது நம் வீட்டுச் செம்பை, கொண்டாடும் இடம் வந்தால் என் குரல் தானாகத் தழையும். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி நிற்கும், கண்ணை மூடித் தொட்டால் எப்படி இருக்கும், பழசானால் அந்த உலோகம் என்ன விலை பெறும் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, இதைத் தனியொரு ஆள் வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறைகளின் வேலை என்பார்கள். ஏதோ நானே அடித்த செம்பு போல எனக்குப் பெருமையாக இருக்கும்.

நான் உருவாக்கியது ஒரு ஜக். உள்ளே ஸ்டீல், வெளியே மர நிறப் பிளாஸ்டிக், நடுவில் எபாக்சி பசை. வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் நல்ல வடிவமைப்புக்குச் சொன்ன பத்து விதிகளில் பயன்பட வேண்டும், பார்த்தாலே புரிய வேண்டும், சுற்றுச்சூழலைக் கெடுக்கக் கூடாது என்றெல்லாம் உண்டு. எனக்குத் தோதாக இருந்தது பத்தாவதுதான்: வடிவமைப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கைப்பிடியை எடுத்துவிட்டேன்.

அம்மா ஈரக்கையோடு தூக்கினாள். சமையலறை முழுக்கத் தண்ணீர்.

"இத எங்கடா புடிக்கிறது?"

பொருளைக் கையாளத் தெரியாமல் போனால் குற்றம் ஆள்மீதல்ல, வடிவமைப்பின்மீது என்று டொனால்ட் நார்மன் 1988-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதையும் நான் பாடம் நடத்துகிறேன். அம்மாவிடம் சொன்னது: "நீ புடிக்கிற விதம்தாம்மா தப்பு."

ஆறு மாதம் கழித்துக் காயலான் கடைக்குப் போனேன். பையில் ஜக்கும், அம்மா போடச் சொன்ன விளிம்பு கிழிந்த பித்தளைச் செம்பும். கடைக்காரர் செம்பை ஒரு வார்த்தை கேட்காமல் தராசில் வைத்தார். ஜக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ஸ்டீலா சார், பிளாஸ்டிக்கா?"

"ரெண்டும்."

"பிரிச்சுக் குடுங்க, எடுத்துக்கிறேன்."

அவரிடமே ஸ்க்ரூடிரைவர் வாங்கி அரைமணி நேரம் நெம்பினேன். அந்த ஜக்கில் ஒழுங்காக வேலை செய்தது பசை ஒன்றுதான். செம்புக்கான காசோடும் ஜக்கோடும் வீடு திரும்பினேன்.

"அத ஏன்டா திரும்பத் தூக்கிட்டு வந்த?"

மறுநாள் ஈம்ஸ் வகுப்பு. ஜக்கைக் கொண்டுபோய் மேசையில் வைக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். பரணில் ஏற்றிவிட்டேன்.