ஃபார்மட் இயல்: ஓர் ஐந்திணை ஆய்வு

கணினிக்கு வரும் நோய்கள் பல. தமிழ்நாட்டில் அவற்றுக்கு வழங்கும் மருந்து ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சிரலாம் சார்." வேகம் குறைந்தாலும், வைரஸ் புகுந்தாலும், பிரிண்டர் முகம் திருப்பிக்கொண்டாலும் சர்வீஸ் பையன் சொல்வது இதையே. இத்துறையின் முதற்சிக்கல், இந்த மருந்து பெரும்பாலும் பலித்துவிடுகிறது என்பது. பலித்துவிடுவதால் என்ன கோளாறு இருந்தது என்பது கடைசிவரை எவருக்கும் தெரியாமலே போகிறது. சான்றை அழிப்பதே சிகிச்சையாக உள்ள துறையில் ஆராய்ச்சி எங்கிருந்து வளரும்? இக்கட்டுரை அக்குறையைப் போக்க முயல்கிறது.

ஆய்வெல்லை: 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்து, 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி. விண்டோஸ் 95-ஐ 13 ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி ஏற்றியவர்கள் வேறொரு பொறுமை மரபைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இங்கே சேர்க்கப்படவில்லை.

முதற்பொருள் முறைப்படி நிலம் சி டிரைவ். பொழுது மாலை, கடை மூடும் நேரம். கருப்பொருள்கள் வருமாறு: கீறல் விழுந்த சிடி, பக்கத் தகடு கழற்றிய சிபியு, எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய மின்சாரம். நுட்பமெல்லாம் உரிப்பொருளில்தான் இருக்கிறது.

பிரிதல் நிமித்தம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. "முக்கியமானது ஏதாவது இருக்கா சார்?" "ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் டி டிரைவ்லதான்." இந்த விடை பொய்யன்று, நம்பிக்கை. டெஸ்க்டாப்பில் கிடக்கும் கல்யாணப் படங்கள் திரையின் மேலேயே ஒட்டியிருப்பதாக உரிமையாளர் எண்ணுகிறார். டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்ஸும் சி டிரைவுக்குள்தான் குடியிருக்கின்றன. விரைவு ஃபார்மட் அவற்றை உண்மையில் அழிப்பதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் பட்டியலைத்தான் அது புதிதாகத் தொடங்குகிறது. படங்கள் வட்டில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அவற்றின் தலைமேல் விண்டோஸ் ஒன்றரை ஜிபிக்குக் குறையாமல் வந்து உட்காரும்போதுதான் பிரிவு நிரந்தரமாகிறது.

அடுத்தது இருத்தல். திரையின் இடப்பக்கத்தில் "இன்னும் சுமார் 39 நிமிடங்கள்" என்று தோன்றும். மேகத்தைப் பார்த்துத் தலைவன் வரவை எண்ணும் தலைவிக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. இரண்டையும் நம்பியவர்கள் குறைவு. எண்ணைப் பார்த்துவிட்டு டீக்குப் போனவர் திரும்பி வருவார். வட்டாரத்தையும் மொழியையும் உறுதிசெய்யக் கேட்டு, அவர் படி இறங்கிய நிமிடத்திலிருந்தே விண்டோஸ் காத்துக்கொண்டிருக்கும். ஆக, இத்திணையில் காத்திருப்பது மனிதரா இயந்திரமா என்பது உரையாசிரியர்கள் தீர்க்க வேண்டியது.

அதற்குப் பின் வருவது கீ. ஐந்து ஐந்தாக 25 எழுத்துகள். இதை வகுத்தவர்கள் அக்கறையானவர்கள் என்பதில் ஐயமில்லை. பூஜ்யமும் ஓவும் குழம்பும் என்று இரண்டையும் நீக்கினார்கள். ஒன்றையும் ஐயையும் நீக்கினார்கள். ஐந்தையும் எஸ்ஸையும் நீக்கி, உயிரெழுத்து ஒன்றுகூட விடாமல் கழித்து, 24 குறிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அழுக்கேறிய ஸ்டிக்கரில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும் 'பி'யும் எட்டும் இரண்டுமே அந்த 24-க்குள் இருக்கின்றன. தமிழ் வாய்க்கு வேறு சோதனையும் உண்டு. 'பம்பாய்' பியும் 'பாரிஸ்' பியும், 'டெல்லி' டியும் 'டோக்கியோ' டியும் நான்குமே பட்டியலில் உண்டு. வல்லினத்துக்கு ஒரே எழுத்து வைத்து இரண்டாயிரம் ஆண்டு குறையில்லாமல் வாழ்ந்த சமூகம், தொலைபேசியில் கீ சொல்லும்போது மட்டும் உலகின் ஊர்ப்பெயர்களை எல்லாம் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

கீ பொருந்தியதும் புணர்தல். இங்கே நிலமும் ஒத்துழைக்கிறது: திரை நிறையப் பச்சை மலை, நீல வானம். கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் 1996-இல் சார்லஸ் ஓரியர் எடுத்த படம் அது. குறிஞ்சிக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் கிடைப்பதரிது. இன்பம் நீடித்ததா என்றால், 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழு பரவியது. புத்தம்புதிதாக ஏற்றிய எக்ஸ்பி, ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை இறக்குவதற்காக இணையத்துக்குப் போகும். இறக்கி முடிப்பதற்குள் அதே ஓட்டை வழியாகப் புழு உள்ளே வரும். 60 வினாடியில் அணையப்போவதாகக் கணினி அறிவிக்கும். 2004-இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் ஃபயர்வாலைத் தானாகவே இயக்கி வைத்த பிறகுதான் களவு கற்பாயிற்று.

மருதத்தைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. சவுண்ட் டிரைவர் ஊடியிருக்கும். மதர்போர்டு சிடி வாயிலாகத் தூது போக வேண்டும். அந்தச் சிடி வீட்டில் எங்கோ இருக்கிறது.

இரங்கல் மறுநாள் காலையில், பெரும்பாலும் டிடிபி கடைகளில். டி டிரைவில் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும்; எழுத்துருக்களோ சி டிரைவோடு போயிருக்கும். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று காட்சி தரும். காதணி விழா, பூப்பு நீராட்டு விழா, முதலாமாண்டு நினைவஞ்சலி அனைத்தும் ஒரே இரவில் ஆங்கில எழுத்துகளின் அணிவகுப்பாகிவிடும். யூனிகோடு வந்தபின் துயர் தீர்ந்தது என்பாரும் உளர். எக்ஸ்பியின் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. டிக் போட்டால் விண்டோஸ் சிடியைக் கேட்டது. சிடி சர்வீஸ் பையனின் பையில். அவன் அடுத்த தெருவில் இன்னொரு கணினிக்கு ஃபார்மட் அடித்துக்கொண்டிருந்தான்.

2012-இல் வந்த விண்டோஸ் 8, சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டே புதுப்பிக்கும் வசதியைத் தந்ததால் பாலைத்திணை அழிந்துவிடும் என்று ஆய்வுலகம் அஞ்சியது. அந்த அச்சம் தேவையற்றது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு, நேர்வழியில் போகிறவரை இணைய இணைப்பின்றி நிறுவலை முடிக்க விடுவதில்லை. இணையத்துக்கு வைஃபை டிரைவர் வேண்டும். புதிய மடிக்கணினிகள் சிலவற்றுக்கு அந்த டிரைவர் நிறுவல் பென்டிரைவில் இருப்பதில்லை. தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கிறது.