ஆலங்காட்டில் இரண்டு பேய்கள்

"செத்த பிறகும் காதல் இருக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "திருவாலங்காட்டுக்கு ஒரு டிக்கெட் எடுங்கள்" என்று போன இதழில் ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், தமிழ்நாட்டில் மனிதர்களைவிடப் பேய்களுக்குத்தான் ரசிகர்கள் அதிகம் போலிருக்கிறது. இந்த இதழ் முழுக்கப் பேய்க்கே.

கே: ஏன் திருவாலங்காடு? பேய்க்கு வேறு ஊரா கிடைக்கவில்லை? (வாசகர், அரக்கோணம்)

ப: அரக்கோணத்தில் உட்கார்ந்துகொண்டு இதை நீங்கள் கேட்கலாமா? உங்கள் கொல்லைப்புறம் ஐயா அது. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்தால் மணவூர், அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. மணத்துக்கு அடுத்து ஆலங்காடு என்று ரயில்வேக்காரர்கள் யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த ஊரின் இரண்டு பேய்க் கதைகளும் கல்யாணத்தில்தான் தொடங்குகின்றன. ஒன்று காரைக்கால் பேய், இன்னொன்று பழையனூர் நீலி. ஒருத்தியைக் கண்டு புருஷன் பயந்து ஓடினான். இன்னொருத்தியைப் புருஷனே கொன்றான். முன்னவளை நடராசர் காலடியில் உட்கார வைத்துக் கும்பிடுகிறோம். பின்னவளின் அழுகையை எடுத்து வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

கே: காரைக்கால் அம்மையாரைப் போய்ப் பேய் என்கிறீர்களே, நாக்கு அழுகாதா? (வாசகி, மயிலாப்பூர்)

ப: அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் அம்மா. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தை முடிக்கும்போது தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்.

கே: அந்தக் கதையில் காதல் எங்கே இருக்கிறது? மாம்பழம்தான் இருக்கிறது. (வாசகர், காரைக்கால்)

ப: மாம்பழத்தை ஒரு ஓரமாக வையுங்கள். அது எல்லாருக்கும் தெரியும்: கணவன் பரமதத்தன் இரண்டு பழம் கொடுத்தனுப்பினான், ஒன்றை அடியாருக்குப் போட்டாள், இரண்டாவதைக் கணவன் கேட்டபோது சிவனிடம் கேட்டு வாங்கினாள், உண்மையைச் சொன்னாள், "அப்படியானால் இன்னொன்று வாங்கு" என்றான், வந்த பழம் அவன் கையில் பட்டதும் மறைந்தது. அத்தோடு அவனுக்குக் குலை நடுங்கிப் போயிற்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளைத் தொடாமல் நாள் தள்ளினான். பிறகு வியாபாரம் என்று கப்பலேறியவன் பாண்டி நாட்டில் இறங்கி, இன்னொரு வணிகர் மகளைக் கட்டிக்கொண்டான்.

நான் நின்று பார்ப்பது இதற்கடுத்த இடத்தை. அவனுக்கு ஒரு பெண் பிறக்கிறது. என்ன பெயர் வைக்கிறான்? புனிதவதி, விட்டுவிட்டு வந்த அம்மையாரின் சொந்தப் பெயர். ஊரை விட்டு ஓடியவன், உறவை விட்டு ஓடியவன், அந்தப் பெயரை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பெற்ற பிள்ளையின் பெயர் என்பது நாளைக்கு நூறு தடவை வாய்விட்டுக் கூப்பிட வேண்டிய பெயர். 'புனிதவதி, பால் குடித்தாயா?' 'புனிதவதி, வெயிலில் போகாதே.' சேக்கிழார் இதைப் பக்தி என்கிறார், தெய்வத்தின் பெயரைக் குழந்தைக்கு வைத்தானாம். இருக்கலாம். எனக்கு அது பாதி பயம், மீதி பிரியம் என்று படுகிறது. அந்த இரண்டாவது மனைவி இதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது பற்றிச் சேக்கிழார் வாயே திறக்கவில்லை. நான் ஒரு நாவலாசிரியனாக இருந்தால் அவளிலிருந்துதான் தொடங்குவேன்.

கடைசியில் உறவுக்காரர்கள் புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றிக் கொண்டுபோய் அவன் முன்னால் இறக்கினார்கள். அவன் மனைவி, மகளோடு வந்து அவள் காலில் விழுந்தான். மனைவியின் காலில் புருஷன் விழுந்தால் அதைவிடத் தெளிவான விவாகரத்து இருக்கிறதா? இவனுக்காகச் சுமந்த உடம்பு இனி எதற்கு என்று அதை உதறிப் பேயுருக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு சிவனிடம் கேட்டதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்: இனிப் பிறக்கக் கூடாது, பிறந்தே ஆக வேண்டுமென்றால் உன்னை மறக்கக் கூடாது, நீ ஆடும்போது காலடியில் இருந்து நான் பாட வேண்டும். சாவுக்கு அப்பாலும் செல்லுபடியாகும் காதலுக்கு இதற்கு மேல் பத்திரம் எழுத முடியாது. ஆள்தான் மாறிவிட்டார்.

கே: பேய்க்குக் கால் கிடையாது என்பது உண்மையா? (வாசகர், திருவள்ளூர்)

ப: ஊர்ப் பெயரிலேயே கால் வைத்திருந்தவர் காரைக்கால் அம்மையார். கயிலை மலையில் கால் படக் கூடாது என்று தலையால் நடந்தார். திருவாலங்காட்டுக்கும் தலையாலேயே வந்தார் என்பதால் சம்பந்தர் அந்த மண்ணை மிதிக்கத் தயங்கி வெளியே பக்கத்து ஊரில் தங்கிவிட்டார் என்பது பெரியபுராணம். பேய்க்குக் கால் உண்டோ இல்லையோ, அந்த ஊரில் மனிதர்களுக்குத்தான் காலை எங்கே வைப்பது என்ற சங்கடம்.

கே: 'நீலிக்கண்ணீர்' என்கிறோமே, அந்த நீலி யார்? (மாணவி, திருத்தணி)

ப: உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்தான். திருவாலங்காட்டை ஒட்டியிருக்கும் பழையனூர். கதைக்குப் பல வடிவங்கள். எதிலும் மாறாதது இது: முற்பிறவியில் கணவன் அவளைக் கொன்றுவிட்டான். எதற்காக என்பது மட்டும் சொல்லும் வாய்க்கு வாய் மாறுகிறது. அவன் காஞ்சிபுரத்தில் செட்டியாகப் பிறந்தான். அவள் பேயாகக் காத்திருந்தாள். அவனிடம் மந்திரித்த கத்தி ஒன்று. அது கையில் உள்ளவரை பேய் கிட்டே போக முடியாது.

ஒருநாள் வியாபாரமாகப் பழையனூர்ப் பக்கம் வந்தான். வழியில் அவள் ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்தாள். அதைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வேளாளர் எழுபது பேர் உட்கார்ந்திருந்த சபைக்கு அழுதுகொண்டே போனாள். "என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகிறார், நீங்களே கேளுங்கள்." அவன் அலறினான்: "ஐயோ, இவள் பெண்டாட்டி இல்லை, பேய்!" பெண்டாட்டியைப் பேய் என்று சொன்ன முதல் புருஷனா அவன்? சபை காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையை இறக்கி விடு, பார்ப்போம் என்றார்கள். கள்ளிப்பிள்ளை நேரே போய் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து "அப்பா" என்றது. வழக்கு முடிந்தது. கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "உன் உயிருக்கு ஒன்று ஆனால் எங்கள் எழுபது உயிர் ஈடு" என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். விடிந்து பார்த்தால் செட்டி பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள்.

7-ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரே தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சக் கதையைத் தொட்டுவிட்டுப் போகிறார் என்றால், அவர் காலத்திலேயே அது பழங்கதை.

கே: அப்படியானால் அவள் அழுதது பொய் அழுகைதானே? (அதே மாணவி, பின்குறிப்பாக)

ப: பின்குறிப்பில்தான் நல்ல கேள்வி வரும். பிள்ளை பொய், கோலம் பொய், சொன்ன விலாசம் பொய். "இவன் என் புருஷன், எனக்குத் துரோகம் செய்தான்" என்றாளே, அது பொய்யா? அந்தச் சபையில் ஒருத்தி வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். கண்ணீரும் உண்மை. பிறவி மாறியும் காயாத கண்ணீர். நாம் அதைப் போலி அழுகைக்குப் பெயராக வைத்துக்கொண்டோம்.

கே: எழுபது வேளாளர் தியாகத்தை விட்டுவிட்டுப் பேய்க்கு வக்காலத்து வாங்குகிறீர்களே? (வாசகர், காஞ்சிபுரம்)

ப: முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்குக் கொடுத்த வாக்குக்காக எழுபது பேர் உயிரை விட்டது பெரிய காரியம்தான், நான் குறைக்கவில்லை. தீப்பாய்ந்த இடத்தில் அவர்கள் நினைவாக மண்டபம் இருக்கிறது. சேக்கிழார் புராணம் பாடிய உமாபதி சிவம் அவர்களைக் கொண்டாடியிருக்கிறார், சேக்கிழாரும் தொண்டைமண்டல வேளாளர் அல்லவா. இத்தனை பேர் அவர்கள் பக்கம் நிற்கும்போது, நீலிக்காக ஒரு பத்திரிகைக்காரன் நாலு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. சைவர்கள் அவளை வஞ்சகி என்று நிறுத்தினார்கள். சமணர்கள்தான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், முனிச்சந்திரர் என்ற துறவியைப் பயமுறுத்தப் போன பழையனூர் நீலி, அவரிடமே பாடம் கேட்டு மாறுகிறாள். அதற்கப்புறம் ஊர் ஊராகப் போய் மற்ற சமயத்தாரோடு வாதம் செய்து ஜெயிக்கிறாள். தோற்றவர்களில் குண்டலகேசியும் உண்டு. தன்னைக் கொல்லப் பார்த்த கணவனைத் தானே மலையிலிருந்து தள்ளியவள் அவள். அந்த இருவரும் வாதத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சொந்தக் கதை பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

கே: பேய் சாட்சி சொன்னால் கோர்ட்டில் எடுபடுமா? (வக்கீல், பூந்தமல்லி)

ப: ஏறக்குறைய எடுபட்டிருக்கிறது. 1897 ஜனவரி, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன்பிரையர் கவுன்டி. ஸோனா என்ற இளம் மனைவி இறந்து புதைத்தாயிற்று. மகள் ஆவியாக வந்து 'புருஷன் என் கழுத்தை முறித்தான்' என்று சொன்னதாகத் தாய் போய் முறையிட்டாள். தோண்டி எடுத்துப் பார்த்தால் கழுத்து முறிந்திருந்தது. புருஷனுக்கு ஆயுள் தண்டனை. அங்கே பேய் அம்மாவிடம் சொல்லி அனுப்பியது. நம் நீலிக்குச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை, தானே ஆஜரானாள்.

கே: எங்கள் ஊர் எல்லையோரம். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. ஆலங்காட்டுப் பேய் தமிழா, தெலுங்கா? (வாசகர், பொதட்டூர்ப்பேட்டை)

ப: திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-இல்தான். அதற்கு ம.பொ.சி. பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். பேய்க்கு அந்தத் தொல்லையில்லை. உங்களுக்கு வேறொரு சேதி சொல்கிறேன்: தெலுங்கில் பேயை 'தய்யம்' என்பார்கள். 'தைவம்' என்ற சொல் தேய்ந்து வந்தது. அதாவது நம் பக்கம் தெய்வம், எல்லை தாண்டினால் பேய். திருவாலங்காடு அந்த எல்லையில் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு நிற்கிறது.

கே: நீலி எங்கள் ஊர்க்காரி. கள்ளியங்காட்டு நீலி. உங்கள் பழையனூர் பிற்பாடு வந்தது. (வாசகர், நாகர்கோவில்)

ப: சண்டை வேண்டாம், பங்கு போட்டுக்கொள்வோம். உங்கள் ஊர் வில்லுப்பாட்டில் வரும் நீலியும் கணவனாக நம்பியவன் மடியில் தலை வைத்துத் தூங்கும்போதுதான் நகைக்காகக் கொல்லப்படுகிறாள், கள்ளிச்செடிதான் சாட்சி. ஆனால் நீங்கள் எங்களைவிடப் பெரிய மனசுக்காரர்கள். இசக்கியம்மன் என்று கோயில் கட்டிக் கும்பிடுகிறீர்கள். 2025-இல் மலையாளத்து 'லோகா' படம் அவளைச் சூப்பர் ஹீரோயினாகவே ஆக்கிவிட்டது. பழையனூர் நீலிக்குத்தான் இன்னும் கால்ஷீட் வரவில்லை.

கே: உடன்கட்டை ஏறியவர்கள் காதல்தானே சாவை வென்ற காதல்? (வாசகர், தஞ்சாவூர்)

ப: இதற்கும் திருவாலங்காடே பதில் வைத்திருக்கிறது. ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, பழையனூரையே திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம், அங்கேதான் கிடைத்தது. அதில் ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி, சுந்தர சோழர் இறந்ததும் கூடவே போனதைச் சொல்கிறார்கள். காரணம் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? தேவலோகத்துப் பெண்கள் கணவரை மயக்கிவிடுவார்களோ என்ற பயமாம்! நெருப்பில் இறங்கும் ஒருத்தி மனசில் அந்த நேரத்தில் என்ன ஓடியது என்று அரசவைக் கவிக்கு யார் சொன்னது? அவளைக் கேட்டு எழுதியதில்லை அது. ஆலங்காட்டுப் பெண்கள் மூன்று பேரில் தன் கதையைத் தானே எழுதியவர் ஒருவர்தான். அவர் பேய்.

கே: பேய்க்காதல் படங்களில் உங்களுக்குப் பிடித்தது? (வாசகர், வேலூர்)

ப: 'நெஞ்சம் மறப்பதில்லை', 1963, ஸ்ரீதர். இப்போதைய பேய்ப் படங்களில் பேய் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிறது.

கே: தாத்தா போய்ப் பதினோரு வருஷம். பாட்டி இன்னும் காலையில் இரண்டு டம்ளர் காபி ஆற்றுகிறாள். ஒன்றைத் தாத்தா நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, "சர்க்கரை கம்மி" என்கிறாள். டாக்டரிடம் காட்டலாமா? (பேரன், ஆவடி)

ப: சமையல், கணக்கு, மாத்திரை எல்லாம் சரியாக இருக்கிறதா? இருந்தால் விடுங்கள். அந்த இரண்டாவது டம்ளரை அப்புறம் யார் குடிக்கிறார்கள்? நீங்கள்தானே? சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கே: சுற்றி வளைக்காமல் ஒரே வரியில்: பேய் இருக்கிறதா, இல்லையா? (வாசகர், அம்பத்தூர்)

ப: திருவாலங்காட்டில் இருக்கிறது. ரத்தின சபையில், தூக்கிய காலோடு ஆடும் நடராசருக்குப் பக்கத்தில், விலா எலும்பு தெரிய உட்கார்ந்து கையில் தாளம் வைத்துக்கொண்டிருக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.