பபூனுக்குக் கத்தரி கிடையாது

1981இல் பாரிஸின் பழைய பூஃப் து நோர் அரங்கில் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் ‘கார்மென்’ ஓபராவைச் சுருக்கினார். கோரஸ் போனது, வாத்தியக்காரர்கள் குறைந்தார்கள். உலகம் புரட்சி என்றது. புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசல் பக்கம் திருவிழா நாடகம் பார்க்கிறவரிடம் இதைச் சொன்னால், “ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு. அதுக்கு மேல எதுக்குங்க?” என்பார்.

அங்கே ‘வள்ளி திருமணம்’ நாடகம் விடிய விடிய நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்பதால் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஒத்திகை கிடையாது. இந்தச் சிக்கனம் புரூக்குக்கே வாய்க்கவில்லை.

நேரம் நெருக்கினால் இங்கேயும் சுருக்குவார்கள். கத்தரி விழும் இடம்தான் வேடிக்கை. நாரதர்–வள்ளி தர்க்கம் பாதியாகும். முருகன் கல்யாணம் அவசரக் கல்யாணமாகும். பபூன்–டான்ஸ் காமெடியில் மட்டும் ஒரு வரி குறையாது. நடுவே நூறு ரூபாய் அன்பளிப்பு தந்தவரின் பெயரைப் பங்காளிகள் சகிதம் மைக்கில் வாசிப்பார்கள்; அதில் கைவைக்கும் இயக்குநர் இன்னும் பிறக்கவில்லை.

புரூக்கைப் போல நெருக்கமான சரித்திர அரங்குதான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே சித்தன்னவாசல் அறிவர் கோயில். கருவறையில் மெல்ல முனகினாலே குகை ரீங்கரிக்கும், மைக்செட் வாடகை மிச்சம். தூண் ஓவியத்தில் ஆடல் மகளிர் தயார், சம்பளமும் கேட்க மாட்டார்கள். சமண முனிவர்கள் பொறுத்துக்கொண்டாலும் தொல்லியல் துறை பபூனை உள்ளே விடாது.