புளூகிராஸ் பக்தர்

வேனிற்காலம் பிறந்து, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, அமெரிக்க தேசத்துக் குடும்பஸ்தர்கள் கடற்கரையை நோக்கியோ மாமியார் வீட்டை நோக்கியோ புறப்படுகின்ற ஜூன் மாதத்தில், மோட்டாரின் கூரைமீது கூடாரத்தையும் பின்புறத்தில் மடக்கு நாற்காலிகளையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றி, முன்னாசனத்தில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் பெட்டி ஒன்றைப் பெல்ட் மாட்டிப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, தர்மபத்தினியைப் பின்னாசனத்துக்கு அனுப்பிய ஒரு கனவான் நெடுஞ்சாலையில் போகக் கண்டால், அவர்தாம் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறச் சங்கீதத்தின் பக்தர் என்று தாராளமாக முடிவு கட்டிவிடலாம்.

உத்தியோகத்தில் அவர் பல் வைத்தியராக இருப்பார். அல்லது இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவராக இருப்பார். பட்டணத்தில் பிறந்து பட்டணத்திலேயே வளர்ந்தவர்தாம். ஆயினும் சங்கீத விழா மைதானத்தின் வாயிலைத் தாண்டிய மாத்திரத்தில், ஏழு தலைமுறையாக அப்பலேச்சிய மலைச்சாரலில் நிலக்கரி வெட்டிய வம்சத்தின் களை அவர் முகத்தில் வந்து படிந்துவிடும். தலையில் வைக்கோல் தொப்பி ஏறும். வாரம் முழுவதும் நோயாளிகளிடம் திருத்தமாகப் பேசிய வாயிலிருந்து சொற்களின் கடைசி எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும்.

அவருடைய சரித்திர ஞானம் ஆழமானது. ஆனால் அகலம் சற்றுக் குறைவு. உலக சரித்திரம் 1945-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தொடங்குகிறது என்பது அவர் சித்தாந்தம். அந்த மாதத்திலேதான், கெண்டக்கி மாகாணத்து ரோஸைன் கிராமத்தில் பிறந்த பில் மன்ரோ என்ற மாண்டலின் வித்வானின் கோஷ்டியில், எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இருபத்தொரு வயது வாலிபர் சேர்ந்து, மூன்று விரல்களால் பாஞ்சோவை மீட்டிக் கேட்டவர்களைத் திகைக்க வைத்தார். அதே வருஷத்தில் இரண்டாம் உலக யுத்தமும் முடிந்தது என்று நாம் நினைவூட்டினால், மறுக்கமாட்டார். மாண்டலின், பிடில், கிட்டார், பாஞ்சோ, பெரிய பாஸ் ஆகிய ஐந்து வாத்தியங்கள் உண்டு; மின்சாரமும் தோல் வாத்தியமும் கிடையா; இதுவே அவர் அனுஷ்டிக்கின்ற சாஸ்திரம். டோப்ரோ என்ற கிட்டார் வகையை மட்டும், ஸ்க்ரக்ஸ் பிற்பாடு அமைத்த கோஷ்டியே 1955-இல் சேர்த்துக்கொண்டுவிட்டபடியால், சிறிது பெருமூச்சுடன் அனுமதிக்கிறார். ஆனால் 1945-இன் தொடக்கத்தில் மன்ரோ பதிவுசெய்த இசைத்தட்டுகளிலே, ஸாலி ஆன் ஃபாரஸ்டர் என்ற அம்மையார் அக்கார்டியன் வாசித்திருக்கிறாரே என்று யாராவது விஷமி கேட்டுவிட்டால், நமது பக்தருக்குத் திடீரென்று பாஞ்சோவைச் சுருதி சேர்க்கவேண்டிய அவசரம் வந்துவிடுகிறது.

புளூகிராஸுக்கென்றே பல நாள் நடக்கின்ற திருவிழாவை முதன்முதலில், 1965-ஆம் வருஷம், வர்ஜீனியாவில் ரோனோக் நகரத்துக்கு அருகே ஃபின்காஸிலில் கார்ல்டன் ஹேனி என்பவர் நடத்தினார். இரண்டு வருஷங்களில் மன்ரோவே இந்தியானா மாகாணத்துப் பீன் பிளாஸத்தில் தம் விழாவைத் தொடங்கிவிட்டார். அதன்பின் விழா இல்லாத மாகாணம் அரிதாயிற்று.

பக்தருடைய சுயரூபத்தைக் காண விரும்புவோர் கொலராடோ மலையில், ஏறக்குறைய 8,750 அடி உயரத்தில், 1974 முதல் டெல்லுரைடில் நடந்துவரும் ஜூன் மாத விழாவுக்குப் போகவேண்டும். மூச்சு விடுவதற்கே யோசிக்கவேண்டிய அந்த உயரத்தில், மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று ஊரில் வைத்தியரிடம் முறையிட்ட அதே மனிதர், விடியற்காலையில் வரிசையில் நின்று, வாயில் திறந்ததும் சுருட்டிய தார்ப்பாய் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்னால் ஓடுகிற இளைஞர்களை முழங்கையாலும் மன்னிப்பு வார்த்தைகளாலும் விலக்கி, மேடைக்கு எதிரே உள்ள புல்தரையை நோக்கிப் பாய்ந்தோடுவதைக் காணலாம். அதைவிட அதிசயம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. இத்தனை பாடுபட்டுப் பிடித்த இடத்தில் தார்ப்பாயை விரித்து, நான்கு மூலையிலும் காலணி, தண்ணீர்ப் பாட்டில் முதலியவற்றைப் பாரமாக வைத்துவிட்டு, அவர் நேரே கூடாரத்துக்குத் திரும்பிப் போய்விடுகிறார், மாலைவரை வருவதில்லை. சொந்தக்காரர் வரும்வரை காலித் தார்ப்பாயில் யாரும் உட்காரலாம் என்பது அந்த ஊர்ச் சம்பிரதாயம். ஆகவே அவர் ஓடிப் பிடித்த இடத்தின் பலனைப் பகலெல்லாம் அனுபவிப்பவர்கள், ஓடாமல் நிதானமாகக் காப்பி குடித்துவிட்டு வந்த புண்ணியவான்கள்.

மாலையில் வந்து உட்கார்ந்ததும், மேடையைப் பத்து நிமிஷம் உற்றுக் கேட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் இது புளூகிராஸ் அல்ல" என்கிறார். இந்தத் தீர்ப்பை வழங்குவதற்காகவே நுழைவுச்சீட்டு வாங்குகிறாரோ என்று எனக்கு நெடுநாளைய சந்தேகம். டிசம்பர் மாதத்துச் சென்னைச் சபாக்களில், இன்றைய பாட்டைக் கேட்டுக்கொண்டே அந்தக் காலத்துப் பாட்டை எண்ணிப் பெருமூச்சு விடுகிற பழைய ரசிகர் இவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர் ஆகவேண்டும். 1971-இல் ஸாம் புஷ் என்ற மாண்டலின்காரர் நீண்ட கூந்தலோடு நியூ கிராஸ் ரிவைவல் என்ற கோஷ்டியைத் தொடங்கியபோதும் இதே தீர்ப்புத்தான் வழங்கப்பட்டது. இன்றைக்கு அதே ஸாம் புஷ் டெல்லுரைடு மேடையில் தோன்றினால், "இவரல்லவா பழைய பாணி!" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் நமது பக்தர்.

ஆயினும் மேடை அவருக்கு ஒரு வியாஜமே. மெய்யான விழா கூடாரங்களுக்கு நடுவில் நடக்கிறது. கன்சாஸ் மாகாணத்து வின்ஃபீல்டில் செப்டம்பர் மாத விழாவுக்கு வருகிறவர்களுள், கூடாரத்தை விட்டு மேடைப்பக்கம் எட்டிப் பாராமலே வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். இரவு பத்து மணிக்குமேல், முன்பின் அறியாத ஏழெட்டுப் பேர் ஒரு லாந்தரைச் சுற்றி வட்டமாக நின்று வாசிக்கிறார்கள். இதற்கு ஜாம் என்று பெயர். ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்லித் தொடங்க, அவர் தலையசைக்கும் வரிசைப்படி ஒவ்வொருவரும் ஓர் ஆவர்த்தம் தனித்து வாசிக்க, பாட்டைத் தொடங்கியவர் ஒரு காலை லேசாகத் தூக்கியதும் அத்தனை வாத்தியங்களும் ஒருமிக்க நிற்கின்றன. அந்தக் காலைக் கவனியாமல் மேற்கொண்டு வாசித்துக்கொண்டே போகிறவர் பெரும்பாலும் நமது பக்தர்தாம்.

இதற்கு ஒரு நியாயமும் உண்டு. உச்ச ஸ்தாயியில் பாடக்கூடிய எவராவது "பி" என்று சுருதியைச் சொல்லிவிட்டால், பாஞ்சோக்காரர் நான்காம் மெட்டில் கேப்போ என்ற கிடுக்கியை இறுக்கவேண்டும். அதோடு விட்டதா, தனியே பாதியில் தொடங்குகிற குட்டைத் தந்தியான ஐந்தாவதை, ஒன்பதாம் மெட்டருகில் அடித்திருக்கிற, பொம்மை ரயில் தண்டவாளத்துக்கென்று செய்த கடுகத்தனை ஆணியின் கீழே நகத்தால் தள்ளிச் செருகவேண்டும். லாந்தர் வெளிச்சத்தில், அறுபது வயதுக் கண்ணோடு, மூன்று விரல்களிலும் மாட்டிய மீட்டு நகங்களோடு இதைச் செய்து முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. பாடகர் அடுத்த பாட்டை "ஜி"யில் தொடங்குகிறார்.

பாட்டுகளின் விஷயமோ பயங்கரம். தாய் இறந்தாள், காதலியை ஆற்றங்கரையில் கொன்றுவிட்டேன், மலைமேல் நான் பிறந்த குடிசை பாழாய்க் கிடக்கிறது. இத்தனை துக்கத்தையும் குதிரைப் பந்தய வேகத்தில், காலால் தாளம் தட்டி, முகமெல்லாம் சிரிப்பாகப் பாடுகிறார்கள். சொந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச மாதக்கணக்கில் நேரம் வாய்க்காத நமது பல் வைத்தியர், பாட்டில் வருகிற தாயார் சொர்க்கத்தில் காத்திருக்கிற இடம் வந்ததும் குரல் தழுதழுத்து, இரண்டாம் சரணத்தை மறந்துவிடுகிறார். ஒருவரும் சிரிப்பதில்லை. பக்கத்தில் நின்ற பதினான்கு வயதுப் பெண், பிடிலோடு முன்வந்து அந்த இடத்தை நிரப்பி, அவருக்குச் சரணம் நினைவுக்கு வரும்வரை வாசித்துக் காப்பாற்றிவிடுகிறாள். அவருடைய சகல அசட்டுத்தனங்களையும் இந்த ஒரு காட்சிக்காக நான் மன்னித்துவிடத் தயார்.

ஆகஸ்டு மாதத்தில், 1935 முதல் பிடில்காரர்களின் மாநாடு கூடிவருகின்ற வர்ஜீனியா மாகாணத்துக் கேலக்ஸுக்கோ, வேறு எந்த விழாவுக்கோ போகிற வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். குடை கொண்டு போங்கள், காலுயரம் குறைந்த நாற்காலி கொண்டு போங்கள், வாசிக்கத் தெரிந்தால் கிட்டார்கூடக் கொண்டு போங்கள். தயவுசெய்து பாஞ்சோ மட்டும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கின்றன.