இறுதியாக ஒன்று

"நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகவே பேசுகிறேன்" என்று அவர் தொடங்கியதும், அவரை முன்பே கேட்டவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார்கள். அழைப்பிதழில் அவருக்கு வாழ்த்துரை, பத்து நிமிடம். மேடையில் இருப்பவர்களைப் பட்டத்தோடும் பதவியோடும் விளித்து முடிக்கவே அது போய்விடும்.

பிறகுதான் முடிக்க ஆரம்பிப்பார். "இறுதியாக ஒன்று சொல்லி அமர்கிறேன்" என்பது முதல் முடிவு. நம்பிக் கை தட்டுவோம். தட்டக் கூடாது. அதை அவர் 'இன்னும் வேண்டும்' என்று எடுத்துக்கொள்வார். 'நிறைவாக' என்றால் அவருடைய கல்லூரிப் பேராசிரியர் வந்து இறங்குவார். 'முத்தாய்ப்பாக' என்றால் மலேசியப் பயணம். 'ஒரே ஒரு செய்தி' என்றால் கடைசி பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான்.

தொகுப்பாளர் துண்டுச் சீட்டு அனுப்புவார். அதை மைக்கிலேயே படித்துக் காட்டி, "சீட்டு வந்துவிட்டது, ஆனால் தமிழுக்கு ஏது எல்லை?" என்று கேட்டு, தமிழின் எல்லைகளை விளக்கப் போய்விடுவார். இரண்டாவது சீட்டு படிக்கப்படாமலே சட்டைப் பைக்குள் போகும்.

சுருக்கமாகப் பேச வேண்டும் என்பதற்கு லிங்கனைத்தான் சான்று காட்டுவார். 1863 நவம்பர் 19, கெட்டிஸ்பர்க். எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசி அமர்ந்த பிறகு எழுந்த லிங்கன், 300 சொற்களுக்குள் முடித்துவிட்டார். எவரெட்டே மறுநாள் கடிதம் எழுதிப் பாராட்டினார். நியாயமான சான்றுதான். இவர் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆகும். லிங்கனைச் சொல்லத் தொடங்கி எவரெட்டாகிவிடுவார்.

குரல் மட்டும் அற்புதமான குரல், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மைக் செத்துப்போனாலும் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்கும். மைக் அடிக்கடி சாகத்தான் செய்கிறது. யார் கைங்கரியம் என்று நான் விசாரிப்பதில்லை.

ஆனால் விழா அவருக்கல்ல, ஒரு புத்தகத்துக்கு. "நூலை இன்னும் முழுமையாகப் படிக்கவில்லை, அட்டை அருமை" என்பதோடு அவர் அதை முடித்துக்கொள்கிறார். தூரத்து ஊரிலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்த பெண், முதல் தொகுப்பு போட்டவர், ஏற்புரையை நான்கு பக்கம் எழுதிக் கையில் வைத்துக் காத்திருக்கிறார். எட்டரைக்கு அரங்கத்தை ஒப்படைக்க வேண்டும். காவலாளி பின்வரிசை மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார். "ரெண்டே வார்த்தையில முடிச்சுக்கோங்கம்மா" என்று தொகுப்பாளர் குனிந்து சொல்கிறார். நான்கு பக்கமும் கைப்பைக்குள் போகின்றன. அதைக் கேட்டிருக்க வேண்டிய நம்மவரோ, வேறு கூட்டம் இருப்பதாகச் சொல்லிப் பொன்னாடையோடு கிளம்பியாயிற்று.

இவரை ஏன் முதலில் பேசவிடுகிறார்கள்? ஏற்புரை முடியட்டும், நன்றியுரை முடியட்டும், நாட்டுப்பண்ணும் பாடியாகட்டும். அதன்பிறகு மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டு, சாவியையும் கொடுத்துவிடலாம்.